மூன்று பூச்சியம் போட்ட கோப்பு

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் பிளந்தபோது கல்முனையில் மணி என்ன? உலகப் பொது நேரப்படி நள்ளிரவு கடந்து 58 நிமிடம், 53 வினாடி. அதோடு இலங்கையின் நேர வித்தியாசத்தைக் கூட்டினால் விடை வந்துவிடும். கணினி படிக்கும் இன்றைய பையன் ஐந்தரை மணியைக் கூட்டி 6.28 என்பான். அன்று சுபஹு தொழுதுவிட்டுக் கல்முனைக்குடியில் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்த ஆளைக் கேட்டால், ஏழாகப் போகுது என்பார். அவர் சொல்வதே சரி. 6.58.

1996இல் மழை பொய்த்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்ற, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு மின்வெட்டுக்குள் விழுந்தது. பகல் வெளிச்சத்தை மிச்சம்பிடிக்க மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பினார்கள். அப்படியே ஆறு மணி வித்தியாசத்தில் நாடு ஒன்பதரை வருடம் ஓடியது. 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, பழைய ஐந்தரைக்கு வந்து சேர்ந்தது. இந்தக் காலம் முழுவதும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் குறைந்துவிடும்.

இணையச் செயலி எழுதுகிறவர் தன் ஊர் நேரத்தை ஃபிரேம்வேர்க்கின் கொன்ஃபிக் கோப்பில் ஒரு வரியாக எழுதவேண்டும். இரண்டு விதமாக எழுதலாம். கூட்டல் ஐந்தரை என்று எண்ணாக எழுதலாம். ஆசியா, கொழும்பு என்று பெயராக எழுதலாம். எண் இன்றைக்குச் சரி, 2004க்குப் பிழை. பெயர் இரண்டுக்கும் சரி. ஆனால் அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் எழுதவில்லை. உலகத்தின் எந்த ஊர் எந்த வருடத்தில் கடிகாரத்தை எப்படித் திருப்பியது என்ற கணக்கை ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் பல வருடம் திரட்டி வைத்திருந்தார். பிறகு போல் எகர்ட் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1996இன் இரண்டு மாற்றங்களும் 2006இன் மாற்றமும் அங்கே திகதியோடு கிடக்கின்றன. புதிய விதி வந்ததற்காகப் பழையதை அழிப்பதில்லை; இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று வரிசையாக வைத்துக்கொள்கிறார்கள். பிஎச்பி மொழி அதன் பிரதி ஒன்றைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. பைத்தன் 3.9 பதிப்பிலிருந்து கணினியின் இயங்குதளத்தில் இருக்கும் பிரதியைத் தேடிப் பார்க்கிறது. விண்டோஸில் அது இருப்பதில்லை என்பதால் தனிப் பக்கேஜாக இறக்கிப் போடவேண்டும்.

ஆக ஒரே வரியில் இரண்டு சமாசாரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொழும்பு என்று எழுதுவது எங்கள் தெரிவு, அது கொன்ஃபிக். கொழும்பின் நேரம் என்ன என்பது அடுத்தவர் உழைப்பு, அது சார்பு. மென்பொருள் தொழிலில் நாள் முழுக்க நாங்கள் செய்வது இந்த இரண்டையும் பிரித்து வைக்கப் பார்ப்பதுதான். கலந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கரையோரத்தில் கணினிக்கு வெளியேயும் சாட்சி உண்டு.

2004இன் அந்தச் சுனாமி அலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எங்கள் கரையை அடித்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெருவோடு தெருவாக ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். தெற்கே அறுகம்பைப் பாலம் சேதமாகிப் பொத்துவில் பக்கம் போக்குவரத்துத் தடுமாறியது. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முகாம்களாயின. யார் எந்த முகாமில், எந்த ஜனாஸா எந்த மையவாடியில், எந்த லொறியில் என்ன சாமான் என்ற கேள்விகளுக்கெல்லாம் கொப்பித் தாள்தான் பதில்.

அதே நாட்களில் கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் ஒரு மென்பொருளை அவசரமாக எழுதத் தொடங்கினார்கள். சஞ்சீவ வீரவரண நிறுவியது அந்த அமைப்பு. சமிந்திர த சில்வா முன்னின்று நடத்திய அந்த மென்பொருளின் பெயர் சஹானா. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரண அமைப்புகளின் பதிவு, தேவைகளும் கிடைத்தவையும் என்று தனித்தனிப் பகுதிகள். பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் கைக்கெட்டிய கருவிகள். காசு கொடுக்கத் தேவையில்லை, தெரிந்தவர்களும் நிறையப் பேர். அரசாங்கத்தின் தேசிய செயற்பாட்டு நிலையம் அதைப் பயன்படுத்தியது. அடுத்த வருடம் ஆற அமர இருந்து முழுவதையும் திருப்பி எழுதினார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, யோக்யகர்த்தா, 2008இல் சிச்சுவான் என்று அது ஊர் ஊராகப் போனது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. எங்கள் கடற்கரையின் சாவிலிருந்து பிறந்த ஒரு மென்பொருள் உலகம் சுற்றியது இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது. கணினிப் பாடத்தில் எங்கிருந்தோ வந்த உதாரணங்களை மனனம் செய்கிறோம்.

அந்தக் காலத்து மைஎஸ்கியூஎல்லைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஒன்றும் சொல்லாமல் அட்டவணை உருவாக்கினால் அது எடுத்துக்கொள்ளும் எழுத்துத் தொகுதி லத்தீன். அகரவரிசை சுவீடன் நாட்டு முறை. செய்தது சுவீடன் நாட்டு நிறுவனம், அவர்களுக்குத் தங்கள் ஊர் முறை இயல்பு. 2018இல் வந்த 8.0 பதிப்பு வரைக்கும் இதுதான் முன்னிருப்பு. அப்படி ஓர் அட்டவணையில், இணைப்பை யூனிகோட் என்று முறையாக அறிவித்துத் தமிழில் ஒரு பெயரை எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், எங்கள் கந்தோர்களில் அன்று புழங்கிய பாமினி எழுத்துரு உள்ளே லத்தீன் எழுத்துகளையே வைத்துக்கொண்டு மேலே தமிழ் போலக் காட்டுவது; அது அந்த அட்டவணையில் சேதாரம் இல்லாமல் கிடக்கும். பிழையான முறை பிழைத்துக்கொள்ள, சரியான முறையில் எழுதியவரின் பெயர் அழிந்துபோகும். காணாமற்போனோர் பட்டியலில் ஒரு பெயர் கேள்விக்குறியாவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை.

யாரும் வஞ்சகம் செய்யவில்லை. முன்னிருப்பு என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் எவரோ ஒருவருடைய ஊர். ஆயத்தமாக வந்த பொருளை அப்படியே ஓட்டினால் அந்த ஊரில் குடியிருக்கிறோம். பிஎச்பி உலகில் இன்று அதிகம் புழங்கும் லாரவெல் நேரத்துக்கு வைத்திருக்கும் முன்னிருப்பு உலகப் பொது நேரம். அதை மாற்றாமல் விட்ட ஒரு சாப்பாட்டுக் கடைக் கணக்கில், காலை ஐந்தரைக்கு முன் விற்றதெல்லாம் முந்தைய நாளில் விழும். நோன்பு காலத்தில் சஹர் சாப்பாடு விற்கிற கடை என்றால் இராவு வியாபாரம் மொத்தமும் நேற்றைய கணக்கு. கடைக்காரருக்கு அதில் முறைப்பாடு இல்லை என்பது வேறு கதை. கடை பூட்டும் வரைக்கும் அவருக்கு அதே நாள்தான். மார்க்கக் கணக்கில் நாள் மஃரிபோடு பிறக்கிறது. அதற்கு முன்னிருப்பு வைத்த ஃபிரேம்வேர்க் எதையும் நான் கண்டதில்லை.

சார்புகளின் கதை இதைவிடச் சிக்கலானது. ஒரு லாரவெல் திட்டத்தைப் புதிதாகத் தொடங்கினால் ஏறத்தாழ நூறு பக்கேஜ்கள் வந்து வென்டர் என்ற உறையில் குந்திக்கொள்ளும். நாம் கேட்டது சிலது. அவை கேட்டது மிச்சம். இவற்றைக் கொண்டுவருவது 2012இல் வெளிவந்த கொம்போசர். அது இரண்டு கோப்புகளை வைத்திருக்கும். ஒன்றில் நம் விருப்பம்: இன்ன பக்கேஜ், இந்தப் பதிப்புக்குக் குறையாமல், அடுத்த பெரிய பதிப்புக்குப் போகாமல். மற்றது பூட்டுக் கோப்பு: கடைசியில் எது வந்ததோ அதன் துல்லியமான பதிப்பு. முதலாவது ஆசை, இரண்டாவது ஒப்பந்தம். ஒரு பக்கேஜ் மூன்றாவதன் பழைய பதிப்பையும் இன்னொன்று அதன் புதிய பதிப்பையும் கேட்டால் இரண்டுக்கும் பொதுவான இடம் தேடவேண்டும். எல்லோருடைய நிபந்தனையும் ஒத்துப்போகும் சேர்க்கையைக் கண்டுபிடிப்பது கணிதத்தில் கடினமானவை என்று பெயர் பெற்ற கணக்குகளின் இனம். கலியாணப் பந்தியில் யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட எவருக்கும் அது ஏன் கடினம் என்று விளங்கும்.

பூட்டுக் கோப்பைக் கையோடு அனுப்பாமல் ஆசைக் கோப்பை மட்டும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஓடியது அங்கே ஓடாது. அப்போது குற்றம் சேர்வர்மீது. 2016 மார்ச்சில் பதினொரு வரி ஜாவாஸ்கிரிப்ட் பக்கேஜ் ஒன்றை எழுதியவர், பெயர்ப் பிணக்கு ஒன்றில் கோபித்துக்கொண்டு பொதுக் களஞ்சியத்திலிருந்து மீட்டுக்கொண்டார். ஒரு சொல்லுக்கு இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்புவதுதான் அதன் வேலை. உலகத்துப் பெரிய திட்டங்கள் சில மணி நேரம் நின்றுபோயின. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தங்கள் வென்டர் உறையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. பக்கேஜ் இறக்குவதென்றால் டேட்டா. டேட்டா என்றால் காசு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரன்ட் இல்லாமல் இருந்தபோது இணையம் இருக்கும் நேரமும் லப்டொப்பில் சார்ஜ் இருக்கும் நேரமும் ஒன்றாக வருவதே அபூர்வம். "காக்கா, அந்த வென்டர் ஃபோல்டர அப்படியே தாங்களன்" என்று பென் டிரைவோடு வருகிற பையனுக்கு, அப்படிச் செய்யக்கூடாது, முறைப்படி இறக்கவேண்டும் என்று பாடம் எடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. புத்தகங்கள் சொல்லும் முறை, வலையமைப்பு எப்போதும் இருக்கும் ஊரில் எழுதப்பட்டது. அதுவும் ஒரு முன்னிருப்பு.

இந்தப் பையன் கேட்பதையே ஒரு கொள்கையாக வைத்து எழுதப்பட்ட ஃபிரேம்வேர்க் ஒன்று உண்டு. சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மசிமோ டி பியரோ 2007இல் வெளியிட்ட வெப்டூபை. மாணவர்களுக்குக் கற்பிக்கவென்று செய்தது. சேர்வர், தரவுத்தளத்தோடு பேசும் பகுதி, நிர்வாகப் பக்கம் எல்லாம் ஒரே பொதிக்குள், அவிழ்த்து ஓட்டவேண்டியதுதான். பென் டிரைவிலிருந்தும் ஓடும். தொழில்முறைக்காரர் பலருக்கு இது பிடிக்கவில்லை. தேவையானதைத் தேவையான இடத்திலிருந்து தருவித்துக்கொள்வதே நாகரிகம் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை: எல்லாவற்றையும் தன்னோடு கட்டிச் சுமப்பவன் அதிலுள்ள ஓட்டைகளையும் சேர்த்தே சுமக்கிறான். ஆனால் சஹானாவின் அடுத்த தலைமுறை பைத்தனில் எழுதப்பட்டபோது இந்த வெப்டூபையின் மேல்தான் எழுந்தது. ஈடன் என்று பெயர். 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்தில் இறங்கி வேலை செய்தது. அனர்த்தம் வந்த இடத்தில் முதலில் செத்துப்போவது வலையமைப்பு; அங்கே போய் நின்று பக்கேஜ் தருவிக்க முடியாது.

ஈடனின் கோட்டை வாசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று. அழகான கோட் என்று சொல்லமாட்டேன்; பல கை பட்ட, அவசரங்களின் தழும்பு உள்ள கோட். அதில் இரண்டு இடங்களில் நின்று யோசித்திருக்கிறேன்.

முதலாவது, தேவையான பக்கேஜ்களின் பட்டியல். ஒன்றல்ல, இரண்டு பட்டியல். கட்டாயமானவை ஒரு கோப்பில். இருந்தால் நல்லது என்பவை இன்னொன்றில். ஓடத் தொடங்கும்போதே சரிபார்க்கிறது. எக்ஸ்எம்எல் வாசிக்கும் பக்கேஜ் போலக் கட்டாயமானது இல்லையென்றால் அங்கேயே நிற்கும். வரைபடக் கணக்குக்கானது இல்லையென்றால், எக்செல் கோப்பு எழுதுவதற்கானது இல்லையென்றால், இந்த வசதி கிடைக்காது என்று ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். பட்டியலை இப்படி இரண்டாகப் பிரிப்பது சின்ன வேலை போலத் தெரியும். எது இல்லாமல் வாழலாம், எது இல்லாமல் வாழ முடியாது என்று ஆற அமர யோசித்த ஆட்கள்தான் அதைச் செய்ய முடியும். முகாமில் எக்செல் இல்லாமல் சமாளிக்கலாம். ஆட்களின் பெயர் இல்லாமல் முடியாது. வெப்டூபையிலும் எந்தப் பதிப்பு ஓடுமோ அதையே, களஞ்சியத்தின் குறிப்பிட்ட ஒரு புள்ளிக்குத் திருப்பி, பூட்டி இறக்குகிறது அவர்களுடைய நிறுவல் முறை.

இரண்டாவது, கொன்ஃபிக் ஏறும் விதம். பெரும்பாலான ஃபிரேம்வேர்க்குகளில் இது அடுக்கடுக்கானது: கோட்டுக்குள் ஒரு முன்னிருப்பு, அதன்மேல் கொன்ஃபிக் கோப்பு, அதன்மேல் சூழல் கோப்பு, அதற்கும் மேல் சேர்வரின் சூழல் மாறிகள். யார் சொல் கடைசிச் சொல் என்று தெரியாவிட்டால் இராப் பகலாக மண்டை காயும். லாரவெல்லில் வேகத்துக்காகக் கொன்ஃபிக்கை ஒரே கோப்பாக்கிச் சேமித்துவிட்டால் அதன்பின் சூழல் கோப்பைத் திறந்தே பார்க்காது. கோட்டின் நடுவில் எங்காவது நேராகச் சூழலைக் கேட்டு எழுதியிருந்தால் அங்கே வெறுமை வரும். தன் மடிக்கணினியில் ஓடியது சேர்வரில் ஏன் ஓடவில்லை என்று கேட்கும் பிள்ளைகளில் பாதிப்பேரின் வியாதி இது.

வெப்டூபையில் அடுக்கு இல்லை, அகரவரிசை. மொடல்ஸ் என்ற உறைக்குள் இருக்கும் கோப்புகள் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் பெயர் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எது முதலில் ஓடவேண்டுமோ அதன் பெயரை முன்னே வருமாறு வைக்கவேண்டும். அதனால்தான் ஈடனின் கொன்ஃபிக் கோப்புக்கு முன்னால் மூன்று பூச்சியம். தரவுத்தளக் கோப்புக்கு இரண்டு பூச்சியம். முதல்முறை பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் இதில் மறைவு இல்லை. உறையைத் திறந்து பெயர்களைப் பார்த்தாலே யார் முதலில் பேசுகிறார் என்று தெரிந்துவிடும்.

மூன்று பூச்சியக் கோப்பு நீங்கள் இறக்கும் பொதியில் அந்த இடத்தில் இருக்காது. முதல்முறை ஓடும்போது ஈடன் மாதிரிக் கோப்பிலிருந்து ஒரு பிரதி எடுத்து அங்கே வைத்துவிட்டு, இதைத் திருத்தினால்தான் மேலே போவேன் என்று நின்றுவிடுகிறது. கோப்பின் தலைப்பகுதியில் ஒரு வரி: திருத்தி முடித்தாயிற்றா? அதன் முன்னிருப்பு, இல்லை. ஆள் ஒருவர் கோப்புக்குள் போய், வாசித்து, தன் கையால் ஆம் என்று மாற்றும் வரைக்கும் ஈடன் அசையாது. அந்த வரியைக் கடந்துபோக வேண்டுமானால் மற்ற வரிகளைக் கண்ணால் பார்த்தாகவேண்டும். மொழி எது, நாடு எது, நேரம் எது, தரவுத்தளம் எது. என் தொழிலில் நான் கண்ட மரியாதையான வரி அது. நீ இருக்கும் ஊர் எனக்குத் தெரியாது என்று அது ஒப்புக்கொள்கிறது.

அப்படி ஒப்புக்கொள்ளாத வரி ஒன்றை 2005இன் தொடக்கத்தில் இந்தக் கரையோரம் கண்டது. கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்ற தடை: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பாதுகாப்பு என்ற நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணை எழுதியவர் சாய்ந்தமருதின் குறுக்கே ஒருமுறை நடந்திருக்கமாட்டார். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு முட்டி நிற்கும் ஊர் அது. மருதமுனையும் அப்படி. 200 மீற்றரைக் கிழக்கில் வெட்டினால் மேற்கில் போக இடம் வயல்தான். வயலுக்குப் பின்னால் கேள்வி கேட்க வேறு ஆட்கள். கோட்டுக்குள் இறுக்கி எழுதிய எண் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பிறகு அந்த எண்ணைத் தளர்த்தினார்கள். அதற்குள் முகாமில் கழிந்த மாதங்களைத் திருப்பித் தர முடியாது.

அக்கரைப்பற்றுக்கு அப்பால் நுரைச்சோலையில் நடந்தது இதன் மறுபக்கம். சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்பதில் பிணக்கு. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து காடு மண்டின. பொதி முழுவதும் வந்து இறங்கிவிட்டது, ஒரே ஒரு வரி நிரப்பப்படவில்லை.

இதையெல்லாம் வைத்து, முன்னிருப்பு அந்நியம், ஊரார் எழுதுவதே நீதி என்று முடித்துவிட எனக்கு விருப்பம்தான். 2020 குறுக்கே நிற்கிறது. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் இரண்டு வழியையும் திறந்து வைத்திருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி ஒன்றில் இலங்கை அதில் ஒன்றை மூடியது, எரிப்பு மட்டும். அடுத்த வருடம் பெப்ரவரிக் கடைசி வரை அந்த வரி மாறவில்லை. மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் போயின. இங்கே முன்னிருப்பு தாராளம்; மேலெழுதியது கொடுமை. மேலெழுதும் அதிகாரம் உள்ளவர் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதும் அந்த மனிதர்களைத் தெரிந்தவர் என்பதும் ஒன்றல்ல. ஈடனின் மரியாதையான வரியும் இதைத் தடுக்காது. ஆம் என்று மாற்றுவதற்குச் சேர்வரைத் தொடும் உரிமை இருந்தால் போதும்.

ஆதலால் அந்தக் கோப்பைக் கல்முனைக்கு நிரப்புவதென்றால் எப்படி என்று யோசித்துப் பார்க்கிறேன். மொழி, நேரம், எழுத்துத் தொகுதி எல்லாம் ஐந்து நிமிட வேலை. பக்கேஜ்களை முன்கூட்டியே இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துவிடலாம். கரையோர வரைபடமும் அதில் கொள்ளும். பிறகு இட அடுக்கு வருகிறது. நாட்டுக்குக் கீழே ஒவ்வொரு மட்டத்துக்கும் என்ன பெயர் என்று ஈடன் கேட்கும். மாகாணம் கிழக்கு, மாவட்டம் அம்பாறை, அடுத்தது பிரதேச செயலகப் பிரிவு. அங்கே கை நிற்கும். கல்முனையில் அந்த மட்டமே ஒரு வழக்கு. வடக்கு உப செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கூடாது என்று மறுபக்கத்தில் எதிர்ப்பு. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. பட்டாசு கொளுத்தியவர்கள் ஓய்வதற்குள், சில நாட்களிலேயே, அது மீளப்பெறப்பட்டது. இந்த மட்டத்தில் எதை எழுதினாலும் யாரோ ஒருவருக்குக் கோபம் வரும். வெறுமையாக விட்டால் நிவாரண லொறி எந்தக் கந்தோருக்குப் போவது?

என் யோசனை, அந்த மட்டத்தைத் தாண்டிக் கிராம உத்தியோகத்தர் பிரிவை ஆதாரமாகப் பிடிப்பது. எந்தச் செயலகத்தின் கீழ் வந்தாலும் அந்தப் பிரிவும் அதற்குள் இருக்கிற குடும்பமும் மாறுவதில்லை. மேலே யார் என்பதைத் திகதியோடு தனியாகக் குறித்துக்கொள்ளலாம். மருதமுனைத் தறியில் பாவு ஏற்றியபின் ஊடையின் நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பாவை மாற்றுவதென்றால் தறியை நிறுத்தவேண்டும். அதுபோல மாறாததைப் பாவாக ஏற்றவேண்டும். அரசியல்வாதிகள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று என் கூட்டாளி ஒருவர் சொன்னார். அவர்களைக் கேட்கவேண்டிய தேவை இந்தக் கோப்பில் இல்லை என்பதே அதன் வசதி என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. ஈடனில் இன்னொரு விதி இருக்கிறது: முதலாவதாகப் பதிவு செய்கிறவரே நிர்வாகி. கல்முனையில் அந்த முதல் ஆள் யார்? செயலகத்து உத்தியோகத்தர் என்றால் எந்தச் செயலகம், அவர் இடமாற்றலாகிப் போனால் யார்? மாநகர சபையா, பள்ளிவாசல் சம்மேளனமா, பாண்டிருப்புக் கோயில் பரிபாலன சபையையும் சேர்த்துக்கொண்ட ஒரு குழுவா? அனர்த்தம் என்பது இருபது வருடத்துக்கு ஒருமுறை கடலிலிருந்து வருவது மட்டுமல்ல. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போனவர்கள் மத்ரஸாப் பிள்ளைகள். நிர்வாகி யார் என்பதை முடிவுசெய்ய ஒரு கூட்டம் போடவேண்டும். அதை ஒக்டோபருக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. மழை தொடங்கிவிட்டால் வரவேண்டிய ஆட்கள் எல்லோரும் வாய்க்கால் வெட்டுவதில் நிற்பார்கள்.